மரத்துக்குப் போகட்டும்

கொட்டாஞ்சேனையில் 2022ஆம் ஆண்டு ஒரு நாள், வீட்டுத்தோட்டம் பற்றிக் கதைப்பதற்காகப் பெண்கள் கூடியிருந்தோம். வைத்தியத்துக்காக வந்து வெள்ளவத்தையில் மகளுடன் தங்கியிருந்த முல்லைத்தீவு அக்கா ஒருவரும் வந்திருந்தார். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை நீங்கியபோதும், விலை ஏழைகளுக்கு எட்டாத உயரத்தில் நின்ற காலம் அது.

"பிள்ளை, என்னிடம் முப்பது தென்னம்பிள்ளை நிற்குது. பசளைக்குக் காசில்லை. மலசலகூடக் குழியில் கிடக்கிறதை மரத்துக்குப் போட்டால் என்ன?" என்று அவர் கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். சிலர் மூக்கைப் பொத்தினார்கள். உண்மையைச் சொன்னால், நானும் சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. "2009இல் முகாமில் மழைக்குக் குழி பொங்கிக் கூடாரத்துக்குள் வந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அதற்குள்தான் நின்றோம். அப்போது அருவருப்புப் பார்க்க முடிந்ததா?" என்றார். அதன்பின் யாரும் சிரிக்கவில்லை.

அவருக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இவ்விடயத்தைத் தேடிப் படித்தேன்.

கொழும்பு நகரத்துக் கழிவுநீர், ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய நிலக்கீழ்க் குழாய்களில் ஓடி, நீண்ட காலமாக வெள்ளவத்தையிலும் முகத்துவாரம் பக்கமும் கடலுக்குள் விடப்பட்டு வந்தது. கண்ணில் படாவிட்டால் போதும் என்று இருந்துவிட்டோம். ஆனால் அதில் மரத்துக்கு வேண்டிய தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கின்றன. அமெரிக்காவின் மில்வோக்கி நகரம் கழிவுநீர்க் கசடைச் சுத்திகரித்து, உலர்த்தி, 1926 முதல் பசளையாக விற்று வருகிறது. நமது நாட்டிலேயே பலாங்கொடை நகரசபையின் கூட்டுப்பசளை நிலையத்தில், நகரக் குப்பையுடன் மலக்குழிக் கசடையும் சேர்த்துப் பசளை செய்திருக்கிறார்கள்.

அப்படியானால் குழியிலிருந்து அள்ளி நேரே மரத்தடியில் கொட்டலாமா? கூடாது. பச்சைக் கசடில் வயிற்றோட்டக் கிருமிகளும் புழு முட்டைகளும் உயிரோடு இருக்கும். வட்டப்புழுவின் முட்டை மண்ணில் மாதக்கணக்காக, சில வேளை வருடக்கணக்காகவும் சாகாமல் கிடக்கும். அதைக் கொல்பவை இரண்டு: சூடும் காலமும். குப்பை, இலைதழைகளுடன் குவித்து, குவியல் முழுவதும் 50 பாகைக்கு மேல் ஒரு வாரமாவது சூடாக இருக்க வேண்டும். அல்லது நமது போன்ற வெப்பமான இடங்களில், புதிதாக எதுவும் சேர்க்காமல் ஒரு வருடத்துக்கு மேல் மூடி வைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே சொல்கிறது.

இன்னொன்றும் உண்டு. பெருநகரக் கழிவுநீரில் தொழிற்சாலைக் கழிவும் கலக்கும். ஈயம் போன்ற உலோகங்கள் சூட்டாலும் அழியாது. சில இரசாயனங்கள் மண்ணில் தங்கிவிடுவதால், அமெரிக்காவின் மெயின் மாநிலம் 2022இல் கசடை நிலத்தில் இடுவதையே தடைசெய்தது. ஆகவே நகரக் கசடைப் பரிசோதிக்காமல் எவர் இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். வீட்டுக் குழியில் இந்த ஆபத்து குறைவு.

அக்காவிடம் நான் சொன்னவை இவைதான். இரண்டு குழிகள் வேண்டும். ஒன்று நிறைந்ததும் மண்ணால் மூடி, மற்றதைப் பாவிக்க வேண்டும். குழி, கிணற்றிலிருந்து நூறு அடியாவது தள்ளி இருக்க வேண்டும். யாழ்ப்பாணம்போல் சுண்ணாம்புக்கல் நிலத்திலும், நீர்மட்டம் மேலே நிற்கும் இடத்திலும் இது வேண்டாம். குடிக்கும் தண்ணீர் கெட்டுவிடும். ஒரு வருடம் கழிந்து உள்ளே உள்ளது மண்போல் உலர்ந்திருந்தால் மட்டும், மேலே நின்று மண்வெட்டியால் எடுக்கலாம். குழிக்குள் ஒருவரும் இறங்கக்கூடாது. நச்சுவாயு ஒரு நொடியில் ஆளை விழுத்திவிடும். கையுறை போட்டு, மரத்தைச் சுற்றி வெட்டிய பாத்திக்குள் இட்டு மண்ணால் மூடி, சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். தென்னை, தேக்கு, வேம்பு போன்ற மரங்களுக்கு இடலாம். கீரைக்கும் கிழங்குக்கும் வேண்டாம்.

இந்த வேலையைக் காலங்காலமாக ஒரு சில சாதியினரின் தலையில் சுமத்தி, அவர்களையே ஒதுக்கியும் வைத்தோம். அன்று நான் சிரித்த சிரிப்பிலும் அந்தப் பழக்கம் இருந்தது. ஒரு பெண் தன் காணியில் தன் கையால் இதைச் செய்ய நினைத்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அக்கா ஊருக்குத் திரும்பி முதற்குழியை மூடினார். ஒன்றரை வருடம் கழித்து என்னுடன் தொலைபேசியில் கதைத்தார்.

"திறந்து பார்த்தேன் பிள்ளை. மணமே இல்லை, கறுத்த மண்தான். ஆறு பிள்ளைக்குத்தான் காணும். மற்றதுகளுக்கு மாட்டெரு பார்க்க வேணும்."

முப்பதில் ஆறு. அவ்வளவுதான் கிடைத்தது. ஆனால் அந்த ஆறு மரங்களுக்கும் அவர் யாரிடமும் கடன்படவில்லை.