குளத்தைத் தேடாதீங்க பாஸ்!

பார்சிலோனா போற சான்ஸ் கிடைச்சா, எல்லோரும் சொல்ற சர்ச், பீச், ஃபுட்பால் ஸ்டேடியம் லிஸ்ட்டை முடிச்சுட்டு, ஒரு சாயங்காலத்தை மட்டும் மோன்ஜுயிக் குன்றுக்கு ஒதுக்கி வைங்க. பிளாசா எஸ்பான்யா மெட்ரோவில் இறங்கினா, எதிரே அகலமான சாலை. அது முடியற இடத்தில், அரண்மனை மாதிரி ஒரு மியூசியம். மூச்சு வாங்க ஏற வேண்டாம்... திறந்தவெளியிலேயே எஸ்கலேட்டர் போட்டு வெச்சிருக்காங்க! அதையும் தாண்டி மேலே நடந்தா, 1992 ஒலிம்பிக் நடந்த வளாகம்.

அங்கே ஆமை ஓடு மாதிரி கூரையோடு உட்கார்ந்திருக்கே, அதுதான் பலாவ் சான்ட் ஜோர்டி. டிசைன், ஜப்பான்காரரான அராட்டா இசோசாகி. சிவில் பசங்க கவனிங்க... அந்தக் கூரையை உயரத்தில் வெச்சுக் கட்டலை. தரையிலேயே கோத்து முடிச்சு, ஜாக்கி வெச்சு மேலே தூக்கி நிறுத்தினாங்க!

உள்ளே போனா கச்சேரி மேடை இருக்கலாம், பேஸ்கட்பால் கோர்ட் இருக்கலாம். ஆனா, நான் சொல்லப் போற நீச்சல் குளம் மட்டும் இருக்காது. 2013 ஜூலையில், உலக நீச்சல் சாம்பியன்ஷிப்புக்காக இந்த ஹாலுக்குள்ளே தற்காலிகமா ஒரு குளத்தைக் கட்டினாங்க. 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம். ஆழம் 2 மீட்டர்னு வெச்சுக்கிட்டாலே 25 லட்சம் லிட்டர் தண்ணி... அதாவது 2,500 டன்! நீளத்தில் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையக் கூடாது. போட்டி முடிஞ்சதும் பிரிச்சு எடுத்துட்டாங்க.

அந்தத் தண்ணியில்தான் பெண்கள் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் ஒரு விநோதம் நடந்தது.

பிரெஸ்ட் ஸ்ட்ரோக் தெரியும்தானே? தவளை மாதிரி காலை உதைச்சு, கையை வளைச்சு இழுத்துப் போற நீச்சல். நாலு வகையில் இதுதான் ஸ்லோ. ஒவ்வொரு உதைக்கு முன்னாடியும் காலை மடக்கணும். அந்த நொடியில் தண்ணியே நம்மளைப் பிடிச்சு இழுக்கும். சுவரை ரெண்டு கையாலும் ஒரே நேரத்தில் தொடணும். வெறும் பலம் போதாது பாஸ், டைமிங் வேணும்!

முதல்ல ஃப்ளாஷ்பேக். 2003-லேயும் இதே ஹாலில், இதே மாதிரி தற்காலிகக் குளத்தில் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. 100 மீட்டர் செமி ஃபைனலில் ஆஸ்திரேலியாவின் 17 வயசு லீசெல் ஜோன்ஸ், 1 நிமிடம் 06.37 விநாடியில் உலக சாதனை! மறுநாள் ஃபைனலில்? தங்கம் சீனாவின் லுவோ ஷுவேஜுவானுக்கு. அவரோட நேரம் 1:06.80. அதாவது, லீசெலின் செமி ஃபைனல் நேரத்தைவிட அதிகம்! லீசெலுக்கு வெண்கலம்தான்.

இப்போ 2013. லிதுவேனியாவின் ரூட்டா மெய்லுட்டீட்டே, வயசு 16. முந்தைய வருஷம் லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் ஜெயிச்ச பொண்ணு. ஜூலை 29, 100 மீட்டர் செமி ஃபைனலில் 1:04.35... உலக சாதனை! அதே ஹால், அதே செமி ஃபைனல். மறுநாள் என்ன ஆகும்? ரூட்டா அசரலை. 1:04.42-ல் தங்கத்தைத் தட்டிட்டாங்க. ரஷ்யாவின் யூலியா யெஃபிமோவா ரெண்டாவது. நாலு வருஷமா அந்தச் சாதனையை வெச்சிருந்த அமெரிக்காவின் ஜெசிகா ஹார்டி மூணாவது.

ஆகஸ்ட் 1, 200 மீட்டர் செமி ஃபைனல். டென்மார்க்கின் ரிக்கே மோலர் பெடர்சன் 2:19.11... உலக சாதனை. ஃபைனலில் யெஃபிமோவா முந்திட்டாங்க!

ஆகஸ்ட் 3, 50 மீட்டர். காலையில் ஹீட்ஸில் யெஃபிமோவா 29.78, உலக சாதனை. அன்னிக்கே செமி ஃபைனலில் ரூட்டா அதை உடைச்சு 29.48. மறுநாள் ஃபைனலில் யெஃபிமோவா 29.52, ரூட்டா 29.59. வெறும் 0.07 விநாடியில் தங்கம் கை மாறிடுச்சு.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரே வாரத்தில் செமி ஃபைனலில் மூணு உலக சாதனை. அதில் மறுநாள் தங்கமா மாறினது ஒண்ணே ஒண்ணு. மாடல் எக்ஸாமில் சென்டம் வாங்கிட்டு செமஸ்டர் ஹாலுக்குப் போறவங்களுக்கு இது புரியும். நேத்து எடுத்த மார்க் இன்னிக்கு பேப்பரில் எழுதி வராது!

அப்புறம் கதை திசை மாறிச்சு. அந்த அக்டோபரில் எடுத்த ஊக்கமருந்து சோதனையில் சிக்கி, யெஃபிமோவாவுக்கு 16 மாசத் தடை. ரூட்டாவின் ரெண்டு சாதனைகளையும் 2017-ல் புடாபெஸ்ட்டில் அமெரிக்காவின் லில்லி கிங் தாண்டினாங்க. 2019 மே மாசம், 22 வயசில் ரூட்டா ஓய்வை அறிவிச்சாங்க. சோதனை நடத்த வர்றவங்களுக்குத் தான் எங்கே இருக்கோம்னு வீரர்கள் முன்கூட்டியே சொல்லணும், அங்கே இருக்கணும். 12 மாசத்தில் மூணு முறை அது தவறினதால் ரூட்டாவுக்கும் ரெண்டு வருஷத் தடை. பெடர்சனின் 200 மீட்டர் சாதனையும் 2021-ல் டோக்கியோவில் போயிடுச்சு. குளமும் போச்சு, சாதனைகளும் போச்சு.

ஆனா, ரூட்டா திரும்பி வந்தாங்க. 2023 ஜூலை, ஜப்பானின் ஃபுகுவோகா. கடலோரத்தில் மரைன் மெஸ்ஸேன்னு ஒரு கண்காட்சி ஹால். அங்கேயும் தற்காலிகக் குளம்தான்! 100 மீட்டரில் மறுபடி தங்கம். 50 மீட்டர் செமி ஃபைனலில் 29.30, உலக சாதனையைச் சமன் செஞ்சாச்சு. இந்தக் கதை எங்கே போகும்னு இப்போ உங்களுக்கே தெரியுமே... மறுநாள் ஃபைனல். 29.16! சாதனையும் தங்கமும் ஒரே ரேஸில். பார்சிலோனாவில் 0.07-ல் நழுவின தங்கத்துக்கும் இதுக்கும் நடுவில் கிட்டத்தட்ட பத்து வருஷம். ரூட்டாவுக்கு அப்போ 26 வயசு.

திரும்ப மோன்ஜுயிக் வருவோம். சான்ட் ஜோர்டியில் நீங்க நீந்த முடியாதுதான். கொஞ்ச தூரத்திலேயே பெர்னாட் பிக்கோர்னெல் குளம் இருக்கு. 1992 ஒலிம்பிக் நீச்சல் நடந்தது அங்கேதான். பொதுமக்கள் டிக்கெட் எடுத்து இறங்கலாம். 50 மீட்டர், ஒரு லெங்த், தவளை நீச்சல்... ரூட்டாவுக்கு 29.16 விநாடி. வாட்ச் கட்டிட்டுப் போங்க!