பதுவையில் ஒரு மெல்லிய நாளம்

பதுவை என்றதும் நம்மவர்களுக்கு அந்தோனியார்தான் நினைவுக்கு வருவார். இத்தாலியின் அந்த ஊருக்கு நான் போனதோ கணையத்தின் நடுவே ஓடும் ஒரு நாளத்துக்காக. ஸ்கேன் படங்களில் அதன் அகலத்தை அளந்து எழுதுவது என் அன்றாட வேலை.

பலாஸ்ஸோ போ என்ற பல்கலைக்கழகக் கட்டடத்துக்குள் 1595-இல் திறந்த உடற்கூறு அரங்கம் அப்படியே நிற்கிறது. கீழிருந்து பார்க்க விடுகிறார்கள். அண்ணாந்தால், வால்நட் மரக் கைப்பிடிகளோடு ஆறு அடுக்குகள், நீள்வட்டமாக மேலே மேலே விரிகின்றன. மாணவர்களின் கண்கள் குவிந்த இடத்திலிருந்து நான் மேலே பார்க்கிறேன் என்று உறைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

ஆனால் என் நாளம் வெளிப்பட்டது இங்கே அல்ல. நடந்துபோகும் தூரத்தில் சான் பிரான்செஸ்கோ மருத்துவமனை இருந்தது. இன்று அந்தக் கட்டடம் மருத்துவ வரலாற்று அருங்காட்சியகம். 1642 மார்ச் 2 அன்று, தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலை அறுத்தபோது யோஹான் கியோர்க் விர்சுங் என்ற உடற்கூறியலாளர் அந்த நாளத்தைக் கண்டார். புத்தகம் எழுதவில்லை. செப்புத் தகட்டில் செதுக்கி, அச்செடுத்து, ஐரோப்பியப் பேராசிரியர்களுக்கு அனுப்பினார். உள்ளே ரத்தமே இல்லையே, இதற்கு என்ன வேலை என்று அவர்களில் ஒருவரான, பாரிசில் இருந்த ரியோலானுக்குக் கடிதம் எழுதினார். 1643 ஆகஸ்டில், தம் வீட்டருகே சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவர் செதுக்கிய அமைப்பு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கருவில் கணையம் இரண்டு மொட்டுகளாக முளைக்கிறது. ஏழாவது வாரவாக்கில் அவை ஒட்டிக்கொள்ள, நாளங்களும் இணைந்துவிடும். நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு நாளங்கள் இணைவதில்லை. இதை பான்கிரியாஸ் டிவைசம் என்கிறோம். அவர்களுக்கு விர்சுங் நாளம் குட்டையாக நின்றுவிட, கணைய நீரில் பெரும்பங்கு சான்டோரினி நாளம் என்ற மற்றொன்றின் வழியே, குடலின் சிறிய வாயிலுக்குப் போகிறது.

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்புத் தீராதது இதில்தான். வாயில் சிறிது, வரும் நீரோ அதிகம். ஆனாலும் அந்த நாளம் பெரும்பாலோருக்குப் புடைப்பதில்லை. மற்றவர்களுக்கு இருப்பதுபோலவே 3 மில்லிமீட்டருக்குள் ஒல்லியாக ஓடுகிறது. சிலருக்குத்தான் அது அகன்று, குடலைத் தொடும் நுனி சிறு பையாக உப்புகிறது. கணைய அழற்சி திரும்பத் திரும்ப வருகிறவர்களும் உண்டு. அதற்கு இந்த அமைப்புதான் காரணமா என்ற வாதம் மருத்துவர்களிடையே இன்னும் ஓயவில்லை. வலியே இல்லாத ஒருவரை, நாளம் பிரிந்திருக்கிறது என்ற ஒன்றுக்காக நோயாளியாக்குவது அநியாயம்.

அங்கிருந்து வெனிஸுக்கு ரயிலில் ஏறினேன். சான்டோரினி அந்த ஊர்க்காரர். 1737-இல் இறந்தார், அவர் விட்டுச்சென்ற படங்கள் 1775-இல்தான் அச்சேறின. ஒரே கணையத்தின் இரு நாளங்களுக்கும் பெயர் தந்தவர்கள் வாழ்ந்த ஊர்கள் அரை மணி நேரப் பயணத்தில்! பெட்டியில் நிற்க இடமில்லை. கணக்குப்படி பார்த்தால், அந்தக் கூட்டத்தில் நாலைந்து பேருக்காவது இரண்டும் இணையாமலே இருந்திருக்கும். அவர்களும் எங்களோடு ரொட்டியைக் கடித்துக்கொண்டு, சத்தமாகப் பேசிக்கொண்டு வந்திருப்பார்கள்.