குரலுக்கு விலை குறித்தவர் யார்?

தூரத்துக்கு விலை உண்டு என்பதை நம் முன்னோர் ஐயமின்றி ஏற்றுக்கொண்டிருந்தனர். அயலூருக்குப் பேச ஒரு கட்டணம். கொழும்புக்குப் பேச வேறொன்று. கடல்கடந்த நாட்டுக்குப் பேசப் பிறிதொன்று. மைல் கூடக் கூடப் பணமும் கூடுவது, மழை பெய்வதைப்போல, இயற்கையின் நியதி என்றே யாவரும் எண்ணினர். இன்று மட்டக்களப்பிலிருந்து மன்னாருக்குப் பேசினாலும் மொன்றியலுக்குப் பேசினாலும் இணையவழி அழைப்பிற் செலவாகும் தரவு ஒரே அளவினதே. அங்ஙனமாயின், நேற்றுவரை நாம் செலுத்திய பணம் எதற்கான விலை? தூரத்துக்கா, தூரத்தைத் தம் உடைமையாக்கி வைத்திருந்தவர்களுக்கா? இவ்வினாவைப் பொறியியல் கற்றோர் கேட்கட்டும் என்று தமிழாசிரியராகிய நாம் ஒதுங்கியிருத்தல் தகாது. மொழியையே தொழிலாகக் கொண்டவர்க்குப் பேச்சின் விலை புறம்பான பொருளன்று.

யாழ்ப்பாணத்தில் நாம் சிறுவராயிருந்த ஆண்டுகளிற் பெரும்பாலான வீடுகளில் தொலைபேசி இருக்கவில்லை. போர்க்காலத்திற் குடாநாட்டின் தொலைபேசித் தொடர்பு நெடுங்காலம் அறுந்து கிடந்தது. வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் குரலைக் கேட்பதற்கென்றே கொழும்புக்குப் பயணப்பட்ட தாய்மார் நம் ஒழுங்கையிலும் இருந்தனர். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னர் சந்திக்குச் சந்தி ‘கொமியூனிக்கேசன்’ கடைகள் தோன்றின. பலகையால் மறைத்த சிறிய கூடு. உள்ளே ஒரு தொலைபேசி. அதற்கு மேலே செக்கனை எண்ணும் சிவப்பு இலக்கங்கள். கனடாவிலிருந்து மாமா பேசுவார் என்ற நாளிற் குடும்பம் முழுவதும் கடை வாங்கில் அமர்ந்திருக்கும். வருகின்ற அழைப்புக்கும் கடைக்காரர் நிமிடக் கணக்கிற் பணம் பெறுவார். அம்மம்மா கூட்டினுள் நுழைந்தால் முதல் நிமிடம் அழுகையிலேயே கழியும். “அழுறதுக்கும் காசு ஓடுது அம்மா, கெதியாய்க் கதையுங்கோ” என்று கடைக்காரர் சொல்வார். அவர் கொடியவரல்லர், தாமும் ஒரு மாதக் கட்டணத்துக்கு அஞ்சி வாழ்ந்த சிறு வியாபாரி. கடிகாரத்தை ஓட்டியவர் அவருக்கு அப்பால் இருந்தார்.

அந்தச் சிவப்பு இலக்கங்களின் பின்னாலிருந்த பொருளாதாரத்தை நாம் பிற்காலத்திலேயே கற்றோம். இலங்கையின் தொலைத்தொடர்புத் திணைக்களம் 1991இற் கூட்டுத்தாபனமாகவும், 1996இற் கம்பனியாகவும் உருமாறியது. 1997இல் அதன் 35 வீதப் பங்குகள் யப்பானிய நிறுவனமான என்.ரி.ரி.க்கு விற்கப்பட்டன. வெளிநாட்டு அழைப்புகளைக் கையாளும் தனியுரிமை 2002 ஆகஸ்ட்வரை அக்கம்பனியிடமே இருந்தது. அன்றைய சர்வதேச ஏற்பாட்டின்படி, ஒரு நாட்டிலிருந்து மறுநாட்டுக்கு அழைப்புச் சென்றால், அனுப்பிய நாட்டு நிறுவனம் பெற்ற நாட்டு நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று பங்கு செலுத்த வேண்டும். வெளியே செல்லும் அழைப்பிலும் உள்ளே வரும் அழைப்பே மிகுந்த வறிய நாடுகளுக்கு அது அந்நியச் செலாவணி வருவாயாயிற்று. கிராமங்களுக்குக் கம்பி இழுக்க அப்பணம் வேண்டும் என்று அதிகாரிகள் வாதித்தனர். அவ்வாதம் முற்றிலும் பொய்யன்று. ஆனால் அப்பணத்தைச் செலுத்தியவர் யார்? பாரிஸ் உணவகங்களிற் பாத்திரம் கழுவியோரும் ரொறன்ரோத் தொழிற்சாலைகளில் இரவு வேலை செய்தோருமே. செல்வர் தம் அலுவலகக் கணக்கிற் பேசினர். உழைப்பாளர் தம் கூலியிலிருந்து பேசினர்.

இனித் தொழில்நுட்பத்தைச் சற்று நோக்குவோம். அதை அறியாதவரை விலையின் இரகசியமும் விளங்காது.

பழைய தொலைபேசி முறையில் ஓர் அழைப்புத் தொடங்கியதும் இரு முனைகளுக்குமிடையே ஒரு பாதை முழுமையாக ஒதுக்கப்படும். பேசினாலும் மௌனமாயிருந்தாலும் அழைப்பு முடியும்வரை அப்பாதை வேறெவர்க்கும் இல்லை. 1960களில் அமெரிக்காவிற் போல் பரனும் இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸும் ஒருவரையொருவர் சாராது வேறொரு வழியைக் கண்டனர். செய்தியைச் சிறு பொதிகளாக நறுக்கி, ஒவ்வொன்றின்மீதும் முகவரி பொறித்துப் பொதுப்பாதையில் அனுப்புவதே அவ்வழி. ஒரு பெருங்கடிதத்தைப் பல அஞ்சலட்டைகளாக்கி இலக்கமிட்டு அனுப்புவதோடு இதனை ஒப்பிடலாம். அட்டைகள் வெவ்வேறு வழியாகச் சென்றாலும் பெறுபவர் இலக்க வரிசையில் அடுக்கி வாசித்துக்கொள்வார்.

குரலும் இவ்வாறே செல்கின்றது. செக்கனுக்கு 8000 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டு இரும இலக்கங்களால் எழுதினால், ஒரு செக்கன் பேச்சு 64,000 இலக்கங்களாகின்றது. திறமையாகச் சுருக்கினால் அதனை 8000 ஆகவும் குறைக்கலாம். அக்கணக்கின்படி, முகவரிச் சுமையை நீக்கிப் பார்த்தால், ஒரு மணி நேரப் பேச்சு ஒரு திசையில் ஏறத்தாழ 3.6 மெகாபைற்று மாத்திரமே. வழக்கமாக 20 மில்லிசெக்கனுக்கு ஒரு பொதி, அதாவது செக்கனுக்கு 50 பொதிகள் புறப்படும். பேச்சு இயல்பாக அமைவதற்கு வாயிலிருந்து செவிக்குச் செல்லும் தாமதம் 150 மில்லிசெக்கனைக் கடவாதிருத்தல் நன்று என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. பிந்தி வரும் பொதி கைவிடப்படும். ஆதலால் இணைய அழைப்பில் இடையிடையே ஓரசை காணாமற் போகின்றது.

இது நேற்று முளைத்த விந்தையுமன்று. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெற் வலையமைப்பிற் குரலைப் பொதிகளாக அனுப்பும் சோதனை 1974இலேயே நடைபெற்றது. 1995இல் வொக்கல்ரெக் என்னும் இஸ்ரேலிய நிறுவனம் சாதாரணக் கணினியிற் பேசத்தக்க மென்பொருளை விற்பனைக்கு விட்டது. அடுத்த ஆண்டே, 1996 மார்ச்சில், அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களின் சங்கமொன்று அத்தகைய மென்பொருளின் விற்பனையைத் தடுக்குமாறு அந்நாட்டு ஆணைக்குழுவிடம் மனுச் செய்தது. ‘கட்டற்ற போட்டி’யின் புகழைப் பாடுவோர், போட்டி தம் வாயிற்படிக்கு வந்ததும் தடைச் சட்டத்தைத் தேடுவதை இங்கே காண்கின்றோம். அமெரிக்காவில் அத்தடை வரவில்லை. இந்தியாவிலோ இணையத் தொலைபேசிக்கு 2002 ஏப்ரலிலேயே அனுமதி கிடைத்தது. கருவி பிறந்ததற்கும் அது மக்கள் கையை அடைந்ததற்கும் இடைப்பட்ட அவ்வாண்டுகள் பொறியியலின் தாமதத்தால் நேர்ந்தவையல்ல. உடைமையின் தாமதத்தால் நேர்ந்தவை.

தொலைநகலின் கதை இன்னும் சுவையானது. இடமாற்ற விண்ணப்பமொன்றைத் தொலைநகலிலேயே அனுப்புமாறு ஓர் அலுவலகம் சில ஆண்டுகளுக்கு முன்னர் நம்மைப் பணித்தது. இணைய இணைப்பிற் பூட்டிய தொலைநகற் பொறியிற் கடைக்காரர் மும்முறை முயன்றார். மும்முறையும் அரைப் பக்கமே சென்றடைந்தது. அதே இணைப்பில் அக்கடைக்காரர் தம் மகனுடன் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார். காரணத்தை ஆராய்ந்தபோது உண்மை விளங்கிற்று. குரலைச் சுருக்கும் முறைகள் மனிதச் செவிக்காக வகுக்கப்பட்டவை. செவி பொருட்படுத்தாதவற்றை அவை கழித்துவிடும். தொலைநகற் பொறியோ பக்கத்தின் கறுப்பையும் வெள்ளையையும் நுண்ணிய ஒலிகளாக மாற்றி அனுப்புவது. அவ்வொலியில் ஒரு துணுக்குக் குறைந்தாலும் பக்கம் கெடும். இதற்குத் தீர்வாகச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் ரி.38 என்னும் நியமத்தை வகுத்தது. அதன்படி, வாயிற்கருவி பொறியின் ஒலியைத் தானே கேட்டுப் பக்கத்தின் தரவை மீட்டெடுத்து, அத்தரவையே பொதிகளாக அனுப்பும். மறுமுனை வாயில் அதனை மீண்டும் ஒலியாக்கிப் பொறிக்குக் கொடுக்கும்.

இத்துறையில் நம் வாசகர் அறிந்திருக்க வேண்டிய முயற்சியொன்று உண்டு. 1993இற் கார்ல் மலமூட், மார்ஷல் றோஸ் என்னும் இருவர் இணையத்தின் வழியே இலவசத் தொலைநகற் சேவையொன்றைச் சோதனையாகத் தொடக்கினர். தம் ஊரெல்லைக்குள் உள்ளூர் அழைப்பு இலவசமாகவோ மலிவாகவோ கிடைக்கும் இடங்களிலுள்ள தொண்டர்கள் தத்தம் கணினியை அதற்கு ஈந்தனர். உலகின் எங்கோ ஒருவர் மின்னஞ்சலில் அனுப்பும் பக்கம், பெறுபவரின் ஊரிலுள்ள தொண்டரின் கணினியை அடையும். அங்கிருந்து உள்ளூர் அழைப்பாகத் தொலைநகற் பொறிக்குச் செல்லும். கண்டங்களைக் கடந்த பயணம் கட்டணமின்றி முடிந்தது. கூட்டுறவு என்பது பாற்சபைக்கும் சங்கக் கடைக்கும் மாத்திரம் உரியதென எண்ணுவோர்க்கு இது நல்ல விடை. வணிக வலையமைப்பு வகுக்காத பாதையை மக்களின் கூட்டுழைப்பு வகுத்துக் காட்டியது.

ஆயினும், கருவி மலிந்தால் விடுதலை தானே வந்துவிடும் என்று மயங்குவது பேதைமை. பொருள்வயிற் பிரிவை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் நமக்கு இது நினைவுக்கு வரும். பொருள் தேடிப் பிரிபவன் தலைவன், ஆற்றியிருப்பவள் தலைவி. கடல்வழிச் செல்லும் வழக்கம் பெண்ணோடு இல்லை என்று தொல்காப்பியமும் கூறும். ஆனால் நாம் கற்பிக்கும் கிழக்கிலங்கைப் பாடசாலையில் ஒரு வகுப்பிலேயே நான்கைந்து பிள்ளைகளின் தாய்மார் கடல்கடந்து வளைகுடா வீடுகளிற் பணிப்பெண்களாக இருக்கின்றனர். ஆற்றியிருப்பவர் பிள்ளைகள். பாடத்தின் நடுவே மாணவி ஒருத்தி எழுந்து சொன்னாள்: “அம்மா கதைக்கக்குள்ள இடையில வெட்டுப்படும் சேர். வெட்டுப்பட்ட சொல்ல நானே நினைச்சி எடுப்பன்.” பிந்திய பொதி கைவிடப்படுகின்றது என்று பொறியியல் நூல் கூறுவதை அப்பிள்ளை தன் வாழ்விலிருந்து உரைத்தாள். அன்று உரையாசிரியரை விட்டு அவளிடமே நாம் பாடங்கேட்டோம்.

அப்பிள்ளைக்கும் தாய்க்கும் இடையில் நிற்பவை பலவீனமான அலைவரிசை மாத்திரமல்ல. ஐக்கிய அரபு இராச்சியத்தில் வட்ஸ்அப், ஸ்கைப் முதலியவற்றின் குரல் அழைப்புகள் பல்லாண்டுகள் தடுக்கப்பட்டிருந்தன. அனுமதி பெற்ற செயலிகளுக்கு மட்டுமே வழி திறந்திருந்தது. சவூதி அரேபியா தன் தடையை 2017 செப்டெம்பரிலேயே தளர்த்தியது. விருந்துக்கு வந்த வணிகர் எவ்வாறாயினும் பேசிக்கொள்வார். கூலிக்கு வந்த பெண்ணின் குரலே தடையில் முட்டி நின்றது. அதற்கும் மேலாக, பணிப்பெண்ணின் கைத்தொலைபேசியைப் பறித்து வைக்கும் எசமானரைப் பற்றிய முறைப்பாடுகள் இன்றும் ஓய்ந்தபாடில்லை. செக்கனுக்கு 8000 இலக்கங்களாகச் சுருங்கிய குரல்கூட, பூட்டிய அறையிலிருந்து வெளிவர இயலாது.

நம் நாட்டிலும் ஆளி அரசின் கையிலேயே உள்ளது. 2018 மார்ச்சிற் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்கள்மீது வன்முறை கட்டவிழ்த்து விடப்பட்டபோதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னரும், முகநூலோடு வட்ஸ்அப், வைபர் முதலியனவும் முடக்கப்பட்டன. வெறுப்பு அவற்றின் வழியே பரவியது மெய்யே. அதைத் தடுக்கும் கடமையும் அரசுக்கு உண்டு. ஆனால் கலகத்தைத் தூண்டுவோனின் வாயை அடைக்க இழுத்த அதே ஆளி, தாக்குண்ட ஊரிலுள்ளவன் உறவினரை அழைத்து உயிரோடிருப்பதைச் சொல்லும் வழியையும் அடைத்தது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி முடக்கம் வந்தபோது வெறுப்பு என்ற சாட்டும் இருக்கவில்லை. பாணுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற மக்கள் வீதிக்கு இறங்கியதே அன்றைய காரணம். சில மணி நேரத்திலேயே அத்தடை நீக்கப்பட்டது. மக்களின் எதிர்ப்பு அதை நிலைக்க விடவில்லை.

அரசின் ஆளிக்கு அஞ்சி நிறுவனத்தின் நிழலில் ஒதுங்கலாமா? ஸ்கைப் 2003இற் பிறந்தது. 2011இல் மைக்ரோசொப்ற் அதனை வாங்கியது. 2025 மே மாதத்தில் மூடியது. எத்தனையோ குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு ஒரு பணிப்பாளர் சபையின் முடிவால் இடம்பெயர்ந்தது. 2014இல் முகநூல் நிறுவனம் வாங்கிய வட்ஸ்அப்பில் 2015 முதல் குரல் அழைப்புக்குக் காசில்லை. பேச்சின் உள்ளடக்கம் பிறர் அறியாதவாறு மறைகுறியாக்கப்படுவதும் நன்றே. எனினும் யார் யாரோடு எப்போது பேசினார் என்னும் விபரம் நிறுவனத்துக்குப் பயன்படத்தக்க செல்வம். கொமியூனிக்கேசன் கடையில் விலை சிவப்பு இலக்கத்தில் கண்முன்னே ஓடியது. இன்று அது கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகின்றது.

ஆகவே நாம் கோருவது யாது? முதலாவதாக, இவ்வறிவு பாடசாலைக்குள் வரவேண்டும். இணையத்திற் குரல் அழைப்பைத் தொடுக்கும் சிப் என்னும் நெறிமுறை 1999இல் யாவரும் கையாளத்தக்க திறந்த நியமமாக வெளியிடப்பட்டது. அதே ஆண்டில் மார்க் ஸ்பென்சர் என்பவர் தொடக்கிய அஸ்ரறிஸ்க் என்னும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு ஒரு பழைய கணினியைத் தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையமாக மாற்றலாம். உயர்தர மாணவர் சிலர் ஓர் ஆசிரியரின் துணையோடு இதனைச் செய்துபார்க்க முடியும். ஒரு முறை செய்துபார்த்த மாணவனுக்குத் தொலைபேசிக் கட்டணம் அதன்பின் இயற்கையின் நியதியாகத் தோன்றாது. இரண்டாவதாக, நம் தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடும் வேலைநேரத்தோடும் பேச்சுரிமையை ஒரே நிரையில் வைக்கவேண்டும். வெளிநாட்டுக்குப் பணிப்பெண்களை அனுப்பி அவர்களின் அந்நியச் செலாவணியில் உயிர்வாழும் அரசு, அவர்கள் நாள்தோறும் தம் பிள்ளைகளோடு பேசும் உரிமையை ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் எழுதிப் பெறக் கடமைப்பட்டது. மூன்றாவதாக, தொடர்பை முடக்கும் அதிகாரம் நீதிமன்றத்தின் கேள்விக்கும் மக்களின் கண்காணிப்புக்கும் உட்பட வேண்டும்.

பொறியியலாளர் தம் பங்கை ஆற்றிவிட்டனர். தூரத்தின் பேரால் விலை கேட்க இனி எவர்க்கும் நியாயமில்லை. எஞ்சி நிற்கும் விலை மனிதர் விதித்தது. அதனை மாற்றுவதும் மனிதர் கடனே. அப்பணி பொறியியலாளருடையதன்று, நம்முடையது.