வாய்க்கால் சட்டமும் பழைய ஏடும்

தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்தவனுக்கு வாய்க்கால் சண்டையைப் பற்றிப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. தலைமடைக்காரன் மடையைத் திறந்து விடவில்லை. கடைமடைக்காரன் இரவோடு இரவாக வரப்பை வெட்டிவிட்டான். பாட்டன் காலத்திலிருந்து இந்த வயல் வழியாகத்தான் எங்களுக்குத் தண்ணீர். இப்படி வரப்பில் ஆரம்பிக்கிற பேச்சு கோர்ட்டில் போய் நிற்கும். அங்கே வக்கீல்கள் புரட்டுகிற புத்தகங்களில் ஒன்று 1882-ஆம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டம். அடுத்தவன் நிலத்தின் வழியாக நடக்கவும், தண்ணீர் கொண்டு போகவும் ஒருவனுக்கு என்ன பாத்தியதை உண்டு என்று அது சொல்கிறது. தடையில்லாமல் இருபது வருஷம் அனுபவித்து வந்தால் பாத்தியதை நிலைத்துவிடும். சட்டம் முதலில் அமலான பிரதேசங்களில் சென்னை மாகாணமும் ஒன்று. இன்றும் அது அமலில் இருக்கிறது.

இந்தச் சட்டத்தை எழுதியவர் ஓர் ஐரிஷ்காரர். பெயர் விட்லி ஸ்டோக்ஸ். 1830-இல் டப்ளினில் பிறந்தவர். தகப்பனார் வில்லியம் ஸ்டோக்ஸ் பெரிய வைத்தியர். அவர் பெயரை டாக்டர்கள் இன்றும் சொல்கிறார்கள். மகன் சட்டம் படித்தார். 1862-இல் சென்னைக்கு வந்து சேர்ந்தார். பிறகு கல்கத்தாவில் சட்டம் இயற்றும் இலாகாவில் வேலை. 1877 முதல் 1882 வரையில் வைஸ்ராயின் நிர்வாக சபையில் சட்ட அங்கத்தினர். இவ்வளவு போதும், ஒரு மனிதன் ஆயுளுக்கு. ஆனால் கற்றவர் உலகம் அவரைச் சட்டத்துக்காக நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. பழைய ஐரிஷ் பாஷைக்காக வைத்திருக்கிறது.

பழைய ஐரிஷ் நமக்குக் கிடைத்த கதை விசித்திரமானது. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் ஐரிஷ் துறவிகள் லத்தீன் புத்தகங்களைப் படித்தார்கள். கடினமான சொல் வந்த இடத்தில், வரிகளுக்கு இடையிலும் ஓரத்திலும், தங்கள் பாஷையில் அர்த்தம் குறித்துக்கொண்டார்கள். நம்முடைய பள்ளிக்கூடப் பையன்கள் பென்சிலால் எழுதிக்கொள்வதில்லையா, அதே மாதிரி. வூர்ட்ஸ்பர்க்கிலும் மிலானிலும் ஸெயின்ட் காலிலும் அந்தப் புத்தகங்கள் தங்கிவிட்டன. ஓரத்தில் எழுதின அந்தக் குறிப்புகள்தான் அந்தக் காலத்து ஐரிஷுக்கு முக்கியமான சாட்சி. பிற்காலத்து ஐரிஷ்காரனுக்கு அவை விளங்கவில்லை. ஸ்டோக்ஸ் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, படித்து, அச்சிட்டார். அப்படி ஒரு தொகுதி 1866-இல் கல்கத்தாவிலேயே வெளிவந்தது. பிழைகளைத் திருத்தி மறுபடியும் 1872-இல் லண்டனில் வெளியிட்டார். ஜான் ஸ்ட்ராக்கன் என்பவரோடு சேர்ந்து அந்தக் குறிப்புகளையெல்லாம் திரட்டிய பெரிய தொகுதிகள் 1901-லும் 1903-லும் வந்தன. 1909-இல் காலமானார்.

ஸ்டோக்ஸ் சட்ட அங்கத்தினராக இருந்த அதே காலத்தில், 1880 அக்டோபர் 21-ஆம் தேதி, கும்பகோணத்தில் ஒரு சந்திப்பு நடந்தது. காலேஜில் தமிழ்ப் பண்டிதராகச் சேர்ந்து சில மாதங்களே ஆன இருபத்தைந்து வயது சாமிநாதையர், ஊருக்குப் புதிதாக வந்த முன்சீப் சேலம் ராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று தாம் படித்ததையெல்லாம் அடுக்கினார். முன்சீப் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். இங்கேயும் சட்டம் படித்த ஒருவர்தான் பழைய இலக்கியத்தின் பக்கம் கையைக் காட்டினார். அப்புறம் நடந்தது தமிழர்களுக்குத் தெரியும். 1887-இல் சிந்தாமணி, 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை.

இருவருக்கும் ஏற்பட்ட சிரமம் ஏறக்குறைய ஒன்றுதான்: சொந்த நாட்டுப் பாஷை, ஆனால் அந்நிய பாஷை மாதிரி புரியவில்லை. ஐயருக்கு நச்சினார்க்கினியர் உரை துணையாக இருந்தது. அதிலும் பெயர் சொல்லாமல் எடுத்துக்காட்டிய வரிகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று தெரியாமல் திண்டாடினார். ஆனாலும் அவருக்கு ஒரு பாக்கியம் இருந்தது. சமண மத விஷயம் புரியாமல் நின்றபோது, கும்பகோணத்திலேயே ஜைனர் வீட்டுத் திண்ணைக்குப் போய்க் கேட்டுவிட்டு வர முடிந்தது. ஆயிரம் வருஷத்துக் காவியத்தின் அர்த்தம் பக்கத்துத் தெருவில் உயிரோடு இருந்தது.

ஸ்டோக்ஸுக்கு அந்தத் தெரு இல்லை. 1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகத் தொடங்கியபோது அவருக்கு வயது பதினைந்து. அந்தப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் மாண்டார்கள்; இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். மேற்கிலும் தெற்கிலும், ஐரிஷ் பேசிய ஏழை ஜனங்களுக்குத்தான் அடி அதிகம். பாஷை வீட்டை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த காலத்தில் அதன் மிகப் பழைய வார்த்தைகளை அவர் அச்சுக்குக் கொண்டுவந்தார். பல நூல்களில் எதிர்ப்பக்கத்தில் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பையும் போட்டார். சாமிநாதையர் தமிழுக்குத் தமிழிலேயே முன்னுரையும் குறிப்பும் எழுதினார். படிக்க ஜனங்கள் இருந்தார்கள்.

1922-இல் ஐரிஷ் சுதந்திர ராஜ்யம் பிறந்தது. ஐரிஷ் தேசிய பாஷை என்று அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள்; பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் இன்றுவரை பேச்சு இங்கிலீஷ்தான். பழமைக்கு அங்கே என்ன குறைவு? பண்டிதர்களுக்கு என்ன குறைவு?

நாம் மேடை போட்டு, தமிழுக்கு வயது இரண்டாயிரம் என்று சொல்லிக் கைதட்டுகிறோம். கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால், கல்யாணப் பத்திரிகையை எழுத்துக் கூட்டிப் படிக்கிற பேரனும் பேத்தியும் நம் வீட்டில்தான் இருக்கிறார்கள். சாமிநாதையர் நடந்து திரிந்த இந்தக் காவிரிக் கரையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் கெட்டிக்காரக் குழந்தைகள்; குற்றம் அவர்களுடையது அல்ல.

ஸ்டோக்ஸ் எழுதிய அந்தச் சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருக்கிறது. இடைவிடாமல் அனுபவித்து வந்த பாத்தியதையை ஒருவன் இருபது வருஷம் அடியோடு அனுபவிக்காமல் விட்டுவிட்டால், அது அற்றுப்போகும். பத்திரம் பெட்டியில் பத்திரமாக இருக்கலாம். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கவேண்டும்.