திறந்து பார்க்கக்கூடிய கருவி

கணினி வாங்குவோர் அதன் விலையையும் தோற்றத்தையும் விசாரிக்குமளவிற்கு, அதனை இயக்கும் பணிசெயல் முறைமை யாதென விசாரிப்பதில்லை. கடையில் ஏற்றித் தரப்பட்டதே போதுமென அமைந்துவிடுகின்றனர். கடிதம் எழுதவும் படம் பார்க்கவும் அது போதும். மென்பொருள் ஆக்கத் தொடங்கும் மாணவனுக்கோ இத்தெரிவு அத்துணை எளிதன்று. வீட்டாரின் சேமிப்பைக் கொண்டு வாங்கிய ஒரேயொரு கணினியில் எதனை நிறுவுவதென்ற வினா, அவன் எவ்வாறு கற்கப் போகின்றான் என்ற வினாவுமாகும்.

இதற்குப் பொதுவான விடை இல்லை. ஆக்கப்படும் மென்பொருள் எங்கு இயங்கவேண்டும் என்பதே முதலில் நோக்கத்தக்கது. ஐபோனுக்குச் செயலி ஆக்குவோர்க்கு அப்பிள் நிறுவனத்தின் எக்ஸ்கோட் வேண்டும். அது மக் கணினியிலேயே இயங்கும். அலுவலகங்களுக்கான விண்டோஸ் மென்பொருளை ஆக்குவோர் அதனை விண்டோஸிலேயே சோதித்தல் வேண்டும். இணையச் சேவையகங்களிற் பெரும்பாலானவை லினக்ஸில் இயங்குவதால், அத்துறையினர் லினக்ஸை அறியாதிருத்தல் இயலாது. மைக்ரோசொப்ட் நிறுவனமே 2016 இல் விண்டோஸினுள் லினக்ஸ் கருவிகளை இயக்க வழிசெய்தமை இதற்குச் சான்றாகும்.

இனிக் கலைப்பீடத்து மாணவன் ஒருவனை நோக்குவோம். சிறுகதைத் தொகுதியொன்றின் சொற்களை எண்ணி, அகரவரிசைப்படுத்திச் சொல்லடைவு ஆக்கும் நிரலொன்றை எழுதுவதே அவனது விருப்பம். லினக்ஸ் பின்பற்றும் யுனிக்ஸ் மரபு இத்தகைய எழுத்துப் பணிக்கு அந்நியமானதன்று. 1969 இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலானோர் தொடங்கிய யுனிக்ஸை முதலிற் பயன்படுத்தியோருள், அந்நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவுத் தட்டெழுத்தாளரும் அடங்குவர். ஒரு கருவியின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீடாகச் செலுத்தும் 'குழாய்' முறை 1973 இல் அதிற் சேர்க்கப்பட்டது. சொற்களைப் பிரிக்கும் கருவி, வரிசைப்படுத்தும் கருவி, ஒத்தவற்றை எண்ணும் கருவி ஆகியவற்றை இம்முறையால் ஒரே வரியில் இணைத்துவிடலாம்.

தமிழ் மாணவனுக்குரிய இடர்ப்பாடு இங்குதான் தோன்றுகின்றது. யுனிகோட் அட்டவணையில் 'ன' என்பது 'ந' வை அடுத்தும், 'ற' என்பது 'ர' வை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. நெடுங்கணக்கிலோ அவையிரண்டும் இறுதியில் நிற்பன. குறியெண்களை மட்டும் நோக்கி வரிசைப்படுத்தினால் 'பறவை' என்பது 'பல்' என்பதற்கு முன்னே வந்துவிடும். தமிழறிந்தார் எவரும் அத்தகைய சொல்லடைவை ஏற்கமாட்டார்.

எம்முறைமையிலும் தனி நிரல் எழுதி இக்குறையை நீக்கலாம் என்பது மெய்யே. ஆயின் லினக்ஸில் வரிசை விதிகள் எழுதப்பட்ட கோப்பையே திறந்து வாசிக்கலாம். பிழை காணின் திருத்தலாம். திருத்தத்தைப் பிறர்க்கும் வழங்கலாம். இவ்வுரிமை தற்செயலாக வாய்த்ததன்று. றிச்சட் ஸ்டோல்மன் 1983 இல் அறிவித்த க்னூ திட்டம் இதனை நோக்கமாகக் கொண்டிருந்தது. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ், தாம் 1991 இல் வெளியிட்ட லினக்ஸ் கருவை மறு ஆண்டிலேயே க்னூ பொது உரிமத்தின் கீழ் வழங்கினார்.

இத்தெரிவிற் சிரமங்களும் உள. மைக்ரோசொப்ட் வேர்ட் லினக்ஸில் நேரடியாக நிறுவத்தக்கதன்று. சில அச்சுப்பொறிகள் உடனே இணங்கமாட்டா. பரீட்சை நெருங்கும் வேளையில் இவற்றோடு போராடுதல் எவர்க்கும் இயலாது. ஆகவே, விண்டோஸை அகற்றுமுன் லினக்ஸை யூஎஸ்பி நினைவகத்திலிருந்து இயக்கிப் பார்த்தலும், தேவையான கோப்புகளைப் பிரதியெடுத்தபின் இரண்டையும் ஒரே கணினியில் தனித்தனிப் பிரிவுகளில் நிறுவுதலும் விவேகமான வழிகளாகும்.

பெருஞ் சந்தையுடைய மொழிகளின் குறைகளை நிறுவனங்கள் விரைந்து தீர்க்கும். தமிழின் அகரவரிசைக்காக அவை அவ்வாறு விரையுமென எதிர்பார்த்தற்கில்லை. தமிழில் மென்பொருள் ஆக்க விழையும் மாணவன், விதி எங்கே எழுதப்பட்டுள்ளது என்பதைக் காட்டும் முறைமையொன்றைத் தன் கணினியில் வைத்திருத்தல் வேண்டும். பிறர் திருத்தித் தரும்வரை காத்திராது, தானே திருத்தக் கற்பதற்கு அது இடமளிக்கும்.