முசிறிக்குப் போகும் வழி

எங்கள் குடும்பத்தில் பூர்விக ஆஸ்தி என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது ஒரு தகர வில்லை. பழைய வெள்ளி ரூபாயைப் போல் வட்டமாய், தலைப்பக்கத்தில் கயிறு கோக்க ஒரு துளையுடன், விளிம்பெல்லாம் கறுத்துப்போய், அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சுக்குள் கிடந்த அதன்மேல் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு எண்களும் அழுத்தமாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. முதல் உலக யுத்தம் முடியும் தறுவாயில், எட்டு வயதுப் பிள்ளையான என் பாட்டனாரைக் கையில் பிடித்துக்கொண்டு மண்டபம் முகாமை விட்டு இலங்கைக்குப் புறப்பட்ட என் பூட்டனாரின் கழுத்தில் அன்று தொங்கியது இந்த வில்லைதான்.

அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, ஆசிரியத் தொழில் பார்த்து, ஓய்வு பெற்று, அறுபத்துநான்கு வயதில் முன்னோர் மண்ணுக்கு ஒருமுறை யாத்திரை போய்வர வேண்டும் என்று சங்கல்பம் செய்துகொண்ட நான், பிரயாண ஏற்பாட்டை இந்த வில்லையிலிருந்துதான் தொடங்கினேன். விசாரித்ததில் விஷயம் தெளிவாயிற்று. எழுத்து ஜில்லாவைக் குறிக்கும். முதல் எண் தோட்டத்தைக் குறிக்கும். அடுத்த எண் ஆளைக் குறிக்கும். அதைக் கழுத்தில் கட்டியவனுடைய வழிச்செலவை அரசாங்கம் கொடுத்துவிட்டு, அந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதிக்கொள்ளும். ஆகவே அந்த வில்லை என் பூட்டனார் எங்கே போகிறார் என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றிச் சொல்லிற்று. எங்கிருந்து வருகிறார் என்பதைப் பற்றி அதில் ஒரு கீறல்கூட இல்லை.

நேட்டாலுக்கும் மொரீஷியஸுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் பட்ட துன்பம் எவருக்கும் குறைந்ததன்று; ஆயினும் 1860-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையில் 'ட்ரூரோ' கப்பலேறி நவம்பரில் டர்பன் துறையில் இறங்கியவர்களின் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, கிராமம் ஆகியவை கப்பல் ஜாபிதாவில் பதிவாகியிருப்பதால், அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் இன்றைக்கும் ஓர் ஏட்டைப் புரட்டித் தங்கள் ஊரின் பெயரைக் கண்ணால் காண முடிகிறது. எங்களுக்கு அத்தகைய பதிவு வாய்க்கவில்லை. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தவன் கங்காணி. அவன் தன் ஊரிலும் சுற்றத்திலுமிருந்தே ஜனங்களைத் திரட்டி வந்தான். ஊர் எது என்பது அவனுக்கே தெரிந்திருந்தபடியால் எழுதி வைக்கவேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை. 'துண்டு' என்ற சீட்டில் எழுதப்பட்டதெல்லாம் அந்த மனிதன் எவ்வளவு கடன்பட்டிருக்கிறான் என்ற ஒரே சங்கதிதான். பிற்பாடு 1948-இல் எங்கள் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டத்துக்கு, நாங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்களின் சந்ததி என்பது மட்டும் போதுமாயிருந்தது. இந்தியாவில் எந்த ஊர் என்று அதுவும் கேட்கவில்லை.

'முசிறித் தாலுகா' என்ற இரண்டு சொற்கள் மட்டுமே எங்கள் வீட்டில் வழிவழியாக வந்தன. அதற்குமேல் ஒரு தடயமும் இல்லையே என்று நான் சோர்ந்திருந்த சமயத்தில், தினந்தோறும் கண்ணெதிரே நின்ற ஒரு சாட்சியை நான் கவனிக்கத் தவறியிருந்தேன் என்பது புலப்பட்டது. எங்கள் தோட்டக் குடியிருப்பான லயத்துக்குப் பின்புறம், சவுக்கு மரத்தடியில், சூலம் நட்ட மூன்று கற்கள் இருக்கின்றன. மலையகத்திலேயே பிறந்த தெய்வங்கள் எங்களுக்கு உண்டு. கவ்வாத்து வெட்டும் காலத்தில் கவ்வாத்துச் சாமிக்கும், தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்தைக் காக்கும் ரோதைமுனிக்கும் நாங்கள் பூஜை போடுகிறோம். ஆனால் எங்கள் வகையறா மட்டும் மாசி மாதத்தில் பொங்கல் வைக்கும் அந்த மூன்று கற்களுக்குப் பெயர் பெரியண்ணசாமி. மூத்தவர் யாரையோ மரியாதையாகச் சொல்லும் பெயர் என்றே ஐம்பது வருஷமாக நினைத்திருந்தேன். கொல்லிமலைமேல் கோயில் கொண்டிருக்கும் மாசி பெரியண்ணசாமி, திருச்சிராப்பள்ளி, நாமக்கல் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குக் குலதெய்வம் என்று அறிந்த அன்று எனக்கு மெய்சிலிர்த்தது. ஊரை விட்டுப் புறப்படுகிறவன் குலதெய்வத்தின் சந்நிதியில் ஒரு பிடி மண் எடுத்துப்போய், குடியேறிய இடத்தில் அதை வைத்துச் சாமியை நிலைநிறுத்துவது நம்முடைய வழக்கம்; பூட்டனாரும் அப்படித்தான் ஒரு பிடிமண்ணை முந்தியில் முடிந்து, முகாமின் அம்மைப்பால் குத்தலையும் சோதனைகளையும் தாண்டி, கடலுக்கு இப்பால் கொண்டுவந்திருக்க வேண்டும்.

அதன்பின் மற்றவையும் ஒவ்வொன்றாய் வாய்திறந்து பேசத் தொடங்கின. எங்கள் தோட்டத்தில் விடியவிடிய நடக்கும் பொன்னர் சங்கர் கூத்தில் பாட்டனார் தங்காள் வேஷம் கட்டிப் பெயரெடுத்தவர். வீரமலை, படுகளம் என்று அவர் பாடியபோதெல்லாம் அவை புராணத்து ஸ்தலங்கள் என்றே சிறுவயதில் எண்ணினேன். அவை மணப்பாறைக்கு அருகே, வீரப்பூர்ப் பக்கத்தில், நடந்துபோய்ப் பார்க்கக்கூடிய இடங்கள் என்பதும், அங்கே மாசித் திருவிழாவில் அந்தக் கதை இன்றும் ஜனங்களின் நடுவே உயிரோடு நிகழ்கிறது என்பதும் பின்னாளில்தான் தெரிந்தன. ஆகவே பிரயாணத்தை மாசி மாதத்தில் வைத்துக்கொள்வதென்று நிச்சயித்தேன்.

எந்த வழியில் போவது என்பதில் பிள்ளைகளோடு எனக்குச் சற்று அபிப்பிராய பேதம் உண்டாயிற்று. கட்டுநாயக்காவில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் திருச்சியில் இறங்கிவிடலாம் என்கிறார்கள், வாஸ்தவந்தான். ஆனால் பல வருஷத்து நினைவைச் சுமந்துகொண்டு போகிறவன் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டால், அந்த நினைவு பின்தங்கிப் போய்விடும் என்றே நான் கருதுகிறேன். பெரியவர்கள் வந்த வழியைப் பின்னிருந்து முன்னாகப் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்பது என் ஆசை. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின், தனுஷ்கோடி வரை ரயிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும், மறுபடி மலைநாட்டுக்கு ரயிலுமாக அவர்கள் வந்தார்கள். அதற்கு முந்திய தலைமுறையோ மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே கால்நடையாக வந்து, காலராவுக்கும் அம்மைக்கும் பலரை வழியிலேயே பறிகொடுத்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதற்குப்பின் ராமேசுவரத்துக்கு ஓடிய 'ராமானுஜம்' கப்பலும் எண்பதுகளில் நின்றுபோயிற்று. எனவே தலைமன்னாரின் பழைய துறைமுகத்தில் ஒரு மாலைப்பொழுது நின்று பார்த்துவிட்டு, வடக்கே காங்கேசன்துறைக்குப் போய், 2023-இல் தொடங்கி இடையிடையே நின்று நின்று ஓடும் கப்பலில் நாகப்பட்டினம் சேர்ந்து, அங்கிருந்து தெற்கே மண்டபத்துக்கு இறங்கி, அப்புறம் ரயிலில் திருச்சி போவதென்று திட்டம் வகுத்தேன். சுற்றுவழிதான், ஆனாலும் மண்டபம் முகாமை மிதிக்காமல் முசிறியை மிதிக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த முகாமை என் அத்தையும் அறிவார். 1964-ஆம் வருஷத்து சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் இரண்டு அரசாங்கங்களும் எங்களைப் பங்கிட்டுக்கொண்டன. அப்பா இந்தப் பக்கத்திலும் அத்தை அந்தப் பக்கத்திலுமாக விழுந்தார்கள். 1973-இல் அட்டன் ஸ்டேஷனில் அத்தை ஏறிய ரயிலை நான் பார்த்தேன். 'ஒப்பாரிக் கோச்சி' என்று மலையகம் பெயரிட்ட ரயில் அது. ஜன்னலுக்கு வெளியே நீண்ட அத்தையின் கையைப் பாட்டனார் விடாமல் பற்றியபடி பிளாட்பாரத்தின் கடைசிவரை கூடவே ஓடினார். அவருடைய தலைப்பாகை அவிழ்ந்து தோளில் சரிந்து, பிறகு தரையில் புரண்டது. அந்தத் துணியைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தவன் நான்.

எண்பத்துநான்கு வயதில் கோத்தகிரியில் பேரன் வீட்டிலிருக்கும் அத்தைக்குத் தொலைபேசியில் பெரியண்ணசாமி சமாசாரத்தைச் சொன்னபோது, அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, அந்த ஊரு பேரு எனக்குத் தெரியும். நான் போயிருக்கேன்யா" என்றார்.

கோச்சி ஏறுவதற்கு முதல் நாள் இரவு பாட்டனார் அத்தையிடம் ஊரின் பெயரைச் சொல்லி, எட்டு வயதில் போன சின்னவன் சௌக்கியமாக இருக்கிறான் என்று அங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டாராம். மண்டபத்திலிருந்து விடுபட்டதும் அத்தையும் மாமாவும் நேரே அந்த ஊருக்கே போயிருக்கிறார்கள். பங்காளி வீட்டில் கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, சோறு போட்டு, திண்ணையில் ஒரு கோரைப் பாயும் விரித்தார்களாம். விளக்கு வைத்த பிறகு வீட்டுப் பெரியவர் மெதுவாக, எத்தனை நாளைக்கு வந்திருக்கிறீர்கள், நிலத்தில் பங்கு ஏதும் கேட்கிற உத்தேசமா என்று விசாரித்தாராம். அத்தை கும்பிட்டுவிட்டு, விரித்த பாயில் தலை சாய்க்காமலே இரவு பஸ்ஸுக்கு நடந்துவிட்டார். பாட்டனார் மனம் நோகும் என்று இதைக் கடிதத்தில் எழுதவே இல்லை.

அந்தப் பெரியவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. வானம் பார்த்த பூமியில் கொஞ்சம் நிலத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகுட்டிகளைக் காப்பாற்றியவர் அவர். போனவர்களுக்கு ஒரு பசி என்றால் இருந்தவர்களுக்கும் ஒரு பசி இருந்திருக்கும். ஆனால் என் ஏற்பாடுகள் அன்றோடு மாறின. எங்களுக்கு எந்தப் பாத்தியதையும் வேண்டாம் என்பதை வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். பாட்டனாரின் படம், வம்சாவளி எழுதிய நோட்டு, எங்கள் மலையில் பறித்த கொழுந்தின் தேயிலை இரண்டு கிலோ, அந்தத் தகர வில்லை, இவற்றைக் கொண்டுபோக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கோயிலுக்குத் தலைக்கட்டு வரி வாங்குகிறவரைக் கண்டு, எங்கள் தலைக்கட்டையும் நோட்டில் ஏற்றிக்கொள்ளும்படி கேட்க வேண்டும். பங்கு கேட்பவன் பங்காளி என்பதை அவர்கள் அறிவார்கள். வரி கொடுப்பவனும் பங்காளிதான் அல்லவா? நூறு வருஷத்துக்கு மேலாக எங்கள் பேரில் பாக்கி நிற்கிறது.

அத்தையும் வருகிறார். மூட்டு வலியையும் வயதையும் சொல்லித் தடுத்துப் பார்த்தேன். "நீ திருச்சிக்கு வந்து சேரு, நான் பேரனோட வந்துர்றேன். ஆனா இந்தத் தடவ ஒரு ராத்திரியாவது அந்தத் திண்ணையில படுத்து எந்திரிச்சுட்டுத்தான்யா நான் வருவேன்" என்றார்.

திருச்சியில் விடுதி, இரண்டு இரவு என்று குறித்து வைத்திருந்த வரியை நான் அன்றே அடித்துவிட்டேன். அதன் கீழே, முசிறிக் கடைத்தெருவில் கோரைப் பாய் மூன்று வாங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்.