முடித்துவிட்ட பிள்ளை என்ன செய்யும்?

தொடக்கப்பள்ளி மூன்றாம் நிலையில் பிள்ளை படிக்கும் பெற்றோர் எங்கள் புளோக்கின் மின்தூக்கியில் என்னைப் பார்த்தால் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "ஜிஇபி கிடைச்சும் ஏன்க்கா பாப்பாவை அனுப்பல?" நான் சொல்லிவந்த பதில்: "தமிழுக்காக." கேட்டவர் முகத்தில் சட்டென்று ஒரு மரியாதை வரும். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது, அதனால் திருப்பித் திருப்பி அதையே சொன்னேன். அது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

சிங்கப்பூருக்கு வெளியே வாசிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். படிப்பில் வயதுக்கு மிஞ்சி ஓடும் பிள்ளைகளைத் தனி வகுப்பில் சேர்க்கும் ஜிஇபி திட்டம் இங்கே 1984இல் தொடங்கியது. தொடக்கப்பள்ளிகளில் ரோசைத்தும் ராஃபிள்ஸ் பெண்கள் பள்ளியும் முதலில் அதை நடத்தின. பிறகு ஒன்பது பள்ளிகளாயின. என் மகள் எழுதிய காலத்தில் மூன்றாம் நிலைப் பிள்ளைகள் ஆகஸ்ட் மாதம் ஆங்கிலமும் கணிதமும் எழுதினார்கள். அதில் தேறியவர்களுக்கு அக்டோபரில் இரண்டாம் சுற்று. அதில் பொதுத்திறன் தேர்வும் சேர்ந்துகொண்டது. ஆண்டுக்கு மொத்த மாணவரில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர் தேர்வானார். தேர்வானவர் தன் பள்ளியில் ஜிஇபி இல்லாவிட்டால் நான்காம் நிலைக்குப் பள்ளி மாற வேண்டியிருந்தது. இதற்கெல்லாம் தயார் செய்யாதீர்கள் என்று கல்வி அமைச்சு சொல்லும். துணைப்பாட நிலையங்கள் தயார் செய்கிறோம் என்று விளம்பரம் போடும். நான் இரண்டுக்கும் நடுவில், எண்தொடர்ப் புதிர்ப் புத்தகம் ஒன்றை வாங்கிச் சாப்பாட்டு மேசையில் 'தற்செயலாக' வைத்தேன்.

2022 நவம்பரில், மகள் தேர்வானாள் என்று கடிதம் வந்தது. அன்றிரவே ஒப்பிடும் வேலையைத் தொடங்கினேன். நான் கணக்காளர், விரிதாள் திறந்தால்தான் எனக்கு மூச்சே சீராகும்.

ஒன்பது பள்ளிகளில் நான்கு முதல் நிமிடத்திலேயே கழிந்தன. நன்யாங், நான் ஹுவா, தாவோ நான், கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியின் தொடக்கப் பிரிவு ஆகியவை சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள். சீனமொழியையும் சீனப் பண்பாட்டையும் பேணுவதற்கென்றே அமைந்தவை. தாய்மொழிப் பாடமாக அங்கே சீனம்தான். ஆங்கிலோ சைனீஸ் தொடக்கப்பள்ளி ஆண்களுக்கு மட்டும். ஆக, தமிழ் படிக்கும் ஒரு பெண் குழந்தைக்கு மிஞ்சியவை நான்கு: ஹாலந்து வட்டாரத்தில் ஹென்றி பார்க், புக்கிட் தீமா பக்கம் ராஃபிள்ஸ் பெண்கள் பள்ளி, சிராங்கூன் நார்த்தில் ரோசைத், தெம்பனிசில் செயின்ட் ஹில்டாஸ். நாங்கள் இருப்பதோ தீவின் வட முனையில், செம்பவாங்கில். தமிழ் படிப்பதால் பள்ளிகள் கழிந்ததைச் சொல்லும்போது சிலர் கோபப்படுவார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. பெரிய பட்டியல் தானாகச் சுருங்கியதில் நிம்மதிதான் வந்தது.

இனி விரிதாள். வகுப்பின் அளவு: சாதாரண வகுப்பில் மூன்றாம் நிலை முதல் நாற்பது பேர் வரை, ஜிஇபி வகுப்பில் இருபத்தைந்து பேர் போல. பாடத்திட்டம்: ஜிஇபி பிள்ளைகளை ஓராண்டு முன்னே தள்ளிவிடுவதில்லை, அதே பாடத்தை ஆழமாகவும் அகலமாகவும் கொண்டுபோவார்கள், பிள்ளை தானே தலைப்பு எடுத்து ஆய்வு செய்யும். ஆறாம் நிலையில் எல்லாரும் எழுதும் அதே தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, பிஎஸ்எல்இ. காகிதத்தில் பார்த்தால் எந்த வகையிலும் ஜிஇபிதான் மேல். பிறகு ஏன் நான்கு பள்ளிகளையும் எங்கள் அக்கம்பக்கப் பள்ளியையும் ஐந்து நெடுவரிசையாக வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்?

உதவியது வர்ஜீனியாவில் இருக்கும் என் சித்தி மகள். அவளிருக்கும் ஃபேர்ஃபாக்ஸ் மாவட்டத்திலும் இதே பாடு. அங்கே முன்னேறிய பிள்ளைகளுக்கு நான்கு நிலைகளில் உதவி உண்டு. அவற்றில் நான்காவது என்றால் மூன்றாம் வகுப்பு முதல் முழுநேரத் தனி வகுப்பு. அதற்கென்று இருக்கும் மையப் பள்ளிக்கும் அனுப்பலாம். வீட்டுப் பக்கத்துப் பள்ளியில் அந்த வகுப்பு இருந்தால் அங்கேயே விடவும் செய்யலாம். அவள் இரண்டையும் நேரில் பார்த்தவள். "அக்கா, தேர்ச்சி விகிதம், பரிசுக் கோப்பை எதையும் கேட்காதே. கொடுத்த வேலையை முன்னாடியே முடிச்சிட்ட பிள்ளை அடுத்து என்ன பண்ணும்னு கேளு. அதுக்கு டீச்சர் உடனே பதில் சொல்றாங்களான்னு பாரு" என்றாள்.

கேட்டேன். போன இடங்களில் எல்லாம், தலைமையாசிரியர் பேசி முடித்துத் தேநீர் கொடுக்கும் நேரத்தில், ஏதாவது ஓர் ஆசிரியரை ஓரங்கட்டிக் கேட்டேன். ஒருவர் கூடுதல் பயிற்சித்தாள் தருவோம் என்றார். விரைவாக முடித்ததற்குத் தண்டனையாக இன்னும் பத்துக் கணக்கு என்று பிள்ளை அதைச் சரியாகவே புரிந்துகொள்ளும். என் மகள் இரண்டாம் நிலையிலேயே மெதுவாக எழுதக் கற்றுக்கொண்டது இதனால்தான். இன்னொருவர் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லித்தரச் சொல்வோம் என்றார். நல்ல பழக்கம்தான், ஆனால் வாரம் முழுக்க என்றால் அது சம்பளமில்லாத உதவியாசிரியர் வேலை. ஒரு ஜிஇபி ஆசிரியை சிரித்துவிட்டு, "இங்கே அப்படி முடிக்கவே முடியாதுங்க, கேள்விக்கு முடிவு இருக்கிற மாதிரி நாங்க கேட்கறதில்லை" என்றார். அந்தப் பதிலைக் கேட்டு எனக்கு உடம்பு சிலிர்த்தது. அங்கேயே முடிவெடுத்திருக்க வேண்டும்.

கடைசியாக, கடமைக்காக, எங்கள் பள்ளியின் கணித ஆசிரியரைக் கேட்டேன். மலாய்க்காரர், ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். "முதலில் அதே கணக்கை இன்னொரு வழியில் போடச் சொல்வேன். அதுவும் முடிந்தால், அவள் ஒரு கணக்கு எழுதித் தரணும். மறுநாள் நான் அதைப் போட்டுக்கொண்டு வரணும். போன வாரம் என்னால் முடியவில்லை" என்றார். அவள் எழுதிய கணக்கில் ஒரு தரவு குறைந்திருந்ததாம். அது தெரியாமல் இரவு பத்து மணிவரை போராடியிருக்கிறார். மறுநாள் வகுப்பில் அதைச் சொல்லி, எது குறைகிறது என்று நாற்பது பேரையும் தேடவிட்டிருக்கிறார். என் மகள் வீட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இப்படியாக என் விரிதாளில் அந்த ஜிஇபி ஆசிரியையின் பள்ளியும் எங்கள் பள்ளியும் சமமாக நின்றன. தராசை எது சாய்த்தது என்பதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. முதலாவது பள்ளிப் பேருந்து. ஓட்டுநர் சொன்ன நேரம் காலை ஐந்தே முக்கால். ஒன்பது வயதில் அவள் ஐந்து மணிக்கு எழ வேண்டும். அவளை எழுப்ப நான் நாலரைக்கு எழ வேண்டும். அவள் தம்பியின் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே தூக்கம் கெட்டிருந்த எனக்கு, அந்த நாலரை என்ற எண் பாடத்திட்டத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. இரண்டாவது இன்னும் கேவலமானது. எங்கள் பள்ளியில் அவள் முதல் ஆள். ஜிஇபிக்குப் போனால் இருபத்தைந்து பேரில் பதினைந்தாவதாக இருக்கலாம். அந்தப் பயம் அவளுக்கு வந்ததாகத் தெரியவில்லை. பெற்றோர் சந்திப்பில் ஆசிரியர்கள் எழுந்து நின்று என்னிடம் பேசும் சுகத்தை இழக்க எனக்குத்தான் மனசில்லை.

அவளிடம் கேட்டோமா என்றால், கேட்டோம். "இங்கேயே இருக்கேன்" என்றாள். ஒன்பது வயதுப் பிள்ளை அம்மாவின் முகத்தைப் படித்துப் பதில் சொல்லும் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் அந்தப் பதிலைச் சம்மதமாக எழுதிக்கொண்டேன். என் கணவர் மட்டும், "உனக்கு வேண்டியதை அவ வாயால வாங்கிட்ட" என்றார்.

இதில் அவளுக்கு என்ன போயிற்று, என்ன கிடைத்தது என்று கேட்டால், இரண்டையும் சொல்ல வேண்டும். கணிதத்தில் குறையில்லை. அந்த ஆசிரியரும், நான்காம் நிலையிலிருந்து கிடைத்த இ2கே என்ற கூடுதல் வகுப்பும் அவளைச் சும்மா இருக்கவிடவில்லை. விதியை ஆசிரியர் சொல்லித்தர மாட்டார், விளையாட்டிலும் சோதனையிலும் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும் என்பது அந்த வகுப்பின் முறை. ஐந்தாம் நிலையில் உயர்தமிழும் எடுத்தாள். 'தமிழுக்காக' என்ற என் பதிலுக்கு அதனால் ஒரு முட்டுக் கிடைத்தது. ஆனால் எழுத்து, வாசிப்பு? அவள் படித்த புத்தகத்தைப் படித்த இன்னொரு பிள்ளை வகுப்பில் இல்லை. மூன்று ஆண்டுகள் இடைவேளையில் நூலகத்தில்தான் இருந்தாள். தனக்கு எதிர்வாதம் செய்யும் ஒருத்தியை உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகுதான் சந்தித்திருக்கிறாள். அந்தத் தோழி ஜிஇபியிலிருந்து வந்தவள். இருவரும் கைப்பேசியில் சண்டை போடுவதைக் கேட்கும்போது எனக்கு மகிழ்ச்சியாகவும் இருக்கிறது, சங்கடமாகவும் இருக்கிறது. விரிதாளில் 'தோழி' என்று ஒரு நெடுவரிசையே நான் போடவில்லை.

இப்போது அந்த விரிதாளுக்கே வேலையில்லை. 2024 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங், ஜிஇபி அப்போதைய வடிவில் தொடராது என்று அறிவித்தார். அந்த ஆண்டு முதலாம் நிலையில் சேர்ந்தவர்கள் 2027இல் நான்காம் நிலைக்குப் போகும்போது, எல்லாத் தொடக்கப்பள்ளியும் தன் பிள்ளைகளுக்குத் தானே திட்டம் நடத்த வேண்டும். இன்னும் கூடுதலாகத் தேவைப்படும் பிள்ளைகள் பள்ளி முடிந்தபின் அருகிலுள்ள, அதற்கென ஒதுக்கிய பள்ளிக்குப் போய் வகுப்பில் சேர்வார்கள். தேர்வும் ஒரே சுற்றாகச் சுருங்குகிறது. பிள்ளையை நாள்தோறும் பார்க்கும் ஆசிரியரின் கணிப்புக்கும் இடம் உண்டு. மின்தூக்கியில் என்னைக் கேட்பவர்கள் இன்னும் பழைய பள்ளிப் பெயர்களைத்தான் கேட்கிறார்கள். பழக்கம் அப்படி.

என் மகன் அந்த 2024 கூட்டம். இந்த ஆண்டு மூன்றாம் நிலை. அக்காவைப் போல அவன் கணக்கை முன்னதாக முடிப்பவன் இல்லை. கணக்கைப் பார்த்ததும் அதில் வரும் ரயில் எந்த ஊர் ரயில் என்று கேட்பவன். அந்தக் கணித ஆசிரியர் ஓய்வுபெற்றுவிட்டார். புதிதாக வந்திருக்கும் இளம் ஆசிரியையிடம் போன வாரம் என் கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்டேன்: தொடங்கவே தொடங்காமல் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையை என்ன செய்வீர்கள்? யோசித்துச் சொல்கிறேன் என்றார். மகளிடம் சொன்னேன். "அவனுக்குப் பள்ளியைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அவனையே கேளும்மா, இந்த முறை நீ அடுப்படியில் இருக்கும்போது நான் கேட்கிறேன்" என்றாள். சரி என்றேன்.